பொருந்தலும் குணமாக்கலும்: கணினி மாதிரியுரு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறிவு வளர வளர அறியாமை குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின், அறிவு வளரும்பொழுது அவ்வறிவைப் பற்றிய தவறான எண்ணங்களும் உடன்வளர்தல் கூடும். ஒரு கருவியைக்கொண்டு நாம் எதனை அறிந்தோம் என்பது ஒன்று. அறிந்துவிட்டதாக எதனைச் சொல்லுகின்றோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைக் காக்கவேண்டியவர் யாவர்? அறிவியலாளரா? செய்தியாளரா? அன்றிச் செய்தியைக் கேட்டு அயலாருக்குச் சொல்லும் நம் போன்றோரா? மருந்து மூலக்கூறுகள் நொதியத்தின் உயிர்ப்பு மையத்திலே பொருந்துமாற்றைக் கணினியாற் கணிக்கும் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மெய்யியல் பயிலும் கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இத்துறையோடு என்ன உறவு எனச் சிலர் வினவலாம். அதற்கான விடை கட்டுரையின் போக்கிலே தானாக வெளிப்படும்.

முதலில் விடயத்தைச் சுருக்கமாக விளங்கிக்கொள்வோம். நொதியம் என்பது உயிர்க்கலத்தினுள் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள். நொதியங்களுட் பெரும்பாலானவை புரதங்களே. ஆயிரக்கணக்கான அணுக்களாலான அப்புரதம் மடிந்தும் சுருண்டும் ஒரு வடிவம் பெறும்பொழுது அதன் மேற்பரப்பிலே சிறு குழியொன்று அமைகின்றது. மாற்றத்துக்குள்ளாகும் மூலக்கூறு வந்து தங்குவதும், வெட்டப்படுவதும் ஒட்டப்படுவதும் அக்குழியிலேதான். அதனையே உயிர்ப்பு மையம் என்கின்றோம். 1894ஆம் ஆண்டிலே செருமானிய இரசாயனவியலாளரான எமில் பிஷர், நொதியமும் அது தாக்கும் பொருளும் பூட்டும் திறப்பும் போலப் பொருந்துதல் வேண்டும் என்றார். 1958இல் அமெரிக்கரான டானியல் கோஷ்லண்ட் அவ்வுவமையைத் திருத்தினார். பூட்டு இரும்பாலானதன்று, திறப்பு நுழையும்பொழுது பூட்டும் தன் வடிவத்தைச் சிறிது மாற்றிக்கொள்கின்றது என்பது அவர் கருத்து. இவ்வுவமையின்படி நோக்கின், மருந்துகளுட் பல பொய்த் திறப்புகளே எனலாம். அவை பூட்டினுள் நுழையும், ஆனால் திறவா. அங்கேயே சிக்கி நின்று மெய்த் திறப்பு நுழையாதவாறு தடுக்கும்.

அத்தகைய பொய்த் திறப்பை எங்ஙனம் தேடுவது? ஆய்வுகூடத்திலே பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்ப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. எக்ஸ் கதிர் ஆய்வினாற் புரதங்களின் அணு அமைப்புகள் வெளியாகத் தொடங்கியபின் வேறொரு வழி திறந்தது. 1982இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஏர்வின் குன்ட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும், புரதத்தின் குழியிலே சிறு மூலக்கூறொன்றைக் கணினிவழியாகப் பொருத்திப் பார்க்கும் முறையொன்றை வெளியிட்டனர். இன்று வழக்கிலுள்ள நிரல்கள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி. கணினி இங்கு இரண்டு வேலைகளைச் செய்கின்றது. மூலக்கூற்றைப் பலவாறு திருப்பியும் வளைத்தும் குழியினுள் வைத்துப் பார்ப்பது முதலாவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண் இடுவது இரண்டாவது. அம்மதிப்பெண் பெரும்பாலும் கிலோகலோரி அளவிற் கூறப்படும். எண் எவ்வளவுக்குப் பூச்சியத்தின் கீழே செல்கின்றதோ அவ்வளவுக்குப் பிணைப்பு வலிது எனக் கொள்வர்.

இத்துறைக்கு அடித்தளமிட்ட சிந்தனைகளுள் ஒன்று தமிழர்க்கு அண்மையிலேயே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியற் பேராசிரியராக இருந்த கோ. நா. இராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தா என்பாருடன் இணைந்து கொலாஜன் என்னும் புரதத்தின் மூன்றிழை முறுக்கு அமைப்பை வெளியிட்டார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் உள. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாவண்ணம் அக்கோணங்கள் எவ்வெப் பெறுமானங்களைக் கொள்ள இயலும் என்பதை அவ்வரைபடம் காட்டுகின்றது. தாளின் பெரும்பகுதி ‘ஆகாது’ என விலக்கப்பட்ட நிலம். சில தீவுகள் மட்டுமே ‘ஆம்’ என அனுமதிக்கப்பட்டவை.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவ்வரைபடம் ‘ஆகாது’ என்று கூறும் இடத்திலே பெரும்பாலும் உறுதியாகப் பேசுகின்றது. ‘ஆம்’ என்று கூறும் இடத்திலோ இடங்கொடுப்பதோடு நின்றுவிடுகின்றது. அனுமதிக்கப்பட்ட கோணத்தை ஒரு புரதம் உண்மையாகவே கொண்டுள்ளதா என்பதை அந்தப் புரதத்தை ஆராய்ந்தே அறிதல் வேண்டும். இயலும் என்பது வேறு, உளது என்பது வேறு. கணினி மாதிரியுருக்கள் அனைத்தையும் மதிப்பிடுதற்குரிய அளவுகோல் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

மாதிரியுருவை இழித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் பெருமைக்குச் சான்று எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அம்மம்மா நாள்தோறும் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் எனலாப்பிரில். அதன் மூத்த உடன்பிறப்பு கப்டோப்பிரில் என்பது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு, குருதியழுத்தத்தை உயர்த்துவதிற் பங்குகொள்ளும் நொதியமொன்றைத் தடுப்பது கண்டறியப்பட்ட பின்னர், அமெரிக்க மருந்து நிறுவனமான ஸ்குயிப்பில் பணியாற்றிய ஒண்டெட்டியும் குஷ்மனும் 1970களின் நடுப்பகுதியிலே அந்நொதியத்தின் உயிர்ப்பு மையத்தை மனத்திலே வரைந்தனர். அந்நொதியத்தின் அமைப்பை அன்று எவரும் கண்டதில்லை. நாக அணுவைத் தன்னகத்தே கொண்ட வேறொரு நொதியத்தின் அமைப்பு அறியப்பட்டிருந்தது. அதனை ஒப்பாகக் கொண்டு, இதன் குழியும் இப்படித்தான் இருத்தல் கூடும் என அவர்கள் கருதினர். அக்கருத்தைப் பின்பற்றி, நாகத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தகப் பிடியொன்றை உடைய மூலக்கூற்றை ஆக்கினர். 1981இல் அது மருந்தாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்நொதியத்தின் மெய்யான அமைப்பு வெளியானதோ 2003ஆம் ஆண்டில்தான்.

காணாத பூட்டுக்குச் செய்த திறப்பு பொருந்திற்று! மனித ஊகத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும், அவ்வூகம் பிறந்த நாளிலிருந்து அது மருந்தாகிய நாள்வரை இடையிலே கழிந்த ஆண்டுகளை மறத்தல் ஆகாது. சோதனைக் குழாயிலும், விலங்குகளிலும், பின்னர் மனிதரிலும் அது பார்க்கப்பட்டது. மாதிரியுரு வழியைக் காட்டிற்று. வழியை நடந்து முடித்தது சோதனை.

இனி அண்மைக்கால நிகழ்வுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொவிட்-19 பரவியபொழுது, அதனை உண்டாக்கும் வைரசின் முதன்மை நொதியம் ஒன்றின் அமைப்பு பெப்ருவரி மாதத்திலேயே உலகறிய வெளியிடப்பட்டது. வைரசின் நீண்ட புரதச் சங்கிலியை உரிய இடங்களில் வெட்டித் துண்டாக்குவது அந்நொதியம். அதனைத் தடுத்தால் வைரசு பெருகாது. அமைப்பு கையிலிருக்க, ஆய்வுகூடங்கள் மூடப்பட்டிருக்க, கணினி மட்டும் வீட்டிலிருக்க, உலகெங்கும் ஆயிரமாயிரம் சேர்வைகள் அக்குழியிலே கணினிவழி பொருத்திப் பார்க்கப்பட்டன. தமிழ்நாட்டு ஆய்வாளர் சிலர் நிலவேம்பிலுள்ள அந்திரோகிராபோலைட் என்னும் சேர்வையை அந்நொதியத்திற் பொருத்திப் பார்த்து அவ்வாண்டிலேயே கட்டுரை வெளியிட்டனர். கபசுரக் குடிநீரிலுள்ள சேர்வைகளை வைரசின் கூர்ப்புரதத்தோடு பொருத்திப் பார்த்த ஆய்வும் வெளிவந்தது. நிலவேம்பு பற்றிய அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘தடுப்பானாக அமையக்கூடியது’, ‘கணினிவழி’ என்னும் கருத்துடைய எச்சரிக்கைச் சொற்கள் இருந்தன என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

அச்சொற்கள் யாழ்ப்பாணத்து விறாந்தை ஒன்றை வந்தடைந்தபொழுது என்னாயின? ஊரடங்கு நாள்களில் ஒருநாள், கைத்தொலைபேசியிலே வந்த செய்தியொன்றை நான் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பொழுது நான் பாடசாலை மாணவன். வண்ண வண்ண நாடாக்களாய்ச் சுருண்ட புரதமும், அதன் நடுவே பச்சை நிறத்தில் ஒரு சிறு மூலக்கூறும் படமாக இடம்பெற்றிருந்தன. “நிலவேம்பு கொரோனாவைத் தடுக்குமெண்டு கொம்பியூட்டரிலை நிரூபிச்சிட்டினம் அம்மம்மா” என்றேன். அவர் வெற்றிலைத் தட்டத்திலிருந்து தலைநிமிராமலே கேட்டார்: “உது ஆருக்குக் குடுத்துப் பாத்தவை, மோனை?” எனக்கு விடை தெரியவில்லை. பழங்காலத்து மனிதரின் அறியாமை என்று அன்று எண்ணிக்கொண்டேன். அந்த மாலையே அதே செய்தியை எங்கள் ஒழுங்கையிலே நாலு வீடுகளுக்கும் சொன்னேன்.

அளவையியல் பயிலத் தொடங்கியபின்னரே அவ்வினாவின் கூர்மை எனக்கு விளங்கிற்று. சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியிலே அருணந்தி சிவாசாரியார் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை எனப் பகுப்பர். கணினித் திரையிலே தோன்றும் அவ்வண்ணப் படம் இம்மூன்றனுள் எதனைச் சார்ந்தது? பார்ப்போர் அதனைக் காண்டல் என மயங்குவர். நொதியத்தினுள் மூலக்கூறு இருப்பதைப் படம்பிடித்து வந்துவிட்டார்கள் என எண்ணுவர். புரதத்தின் வடிவம் பெரும்பாலும் சோதனையிலிருந்து பெறப்பட்டதே. ஆயின், அதனுள் அம்மூலக்கூறு அமர்ந்திருக்கும் காட்சி எவரும் கண்டதன்று. அது கருதலை ஓவியமாகத் தீட்டியது. கருதல், காண்டலின் உடை உடுத்து வருகின்றது. அதனை நான் அம்மம்மாவுக்கு எடுத்துச் சொன்னபொழுது அது உரையாகவும் மாறிற்று. ஒரு கருதல் இவ்வாறு காட்சியாகவும் உரையாகவும் வேடம்புனைந்து வரும்பொழுது அதன் மெய்யான தகுதியை அறிவது அரிதாகின்றது.

கருதலளவை இழிந்ததன்று. மலையிலே புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கருதுகின்றோம், அது பிழைப்பதில்லை. ஏன் பிழைப்பதில்லை? அடுக்களையிலே புகையும் நெருப்பும் உடனிருப்பதைப் பன்முறை கண்டிருக்கின்றோம். உயர்ந்த மதிப்பெண் பெற்ற மூலக்கூறு நோயைத் தடுக்கும் என்னும் கருதலுக்கு அடுக்களை எது? முன்னர்க் கணிக்கப்பட்டுப் பின்னர்ச் சோதிக்கப்பட்ட மூலக்கூறுகளே அதற்கு அடுக்களையாகும். அவ்வடுக்களையிலோ புகை எழுந்த பல இடங்களில் நெருப்பு இருந்ததில்லை. நல்ல மதிப்பெண் பெற்றுச் சோதனைக் குழாயிலேயே தோற்றவை பல.

காரணமும் விளங்காததன்று. பிணைப்பு பத்து மடங்கு வலிதாவதற்கு, உடலின் வெப்பநிலையிலே, மூலொன்றுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வேறுபாடு போதுமானது. விரைந்து கணிக்கும் நிரல்களின் வழமையான பிழையோ 2 கிலோகலோரி அளவினது. பலவேளைகளில் அதனினும் கூடியது. 2 கிலோகலோரிப் பிழை என்பது பிணைப்பு வலிமையிலே ஏறத்தாழ இருபத்தைந்து மடங்குப் பிழையாகும். குழியினுள் ஏலவே குடியிருக்கும் நீர் மூலக்கூறுகள் வெளியேறும்பொழுது ஏற்படும் இலாபநட்டத்தை இந்நிரல்கள் பருவெட்டாகவே கணிக்கின்றன. கோஷ்லண்ட் கூறிய பூட்டின் நெகிழ்ச்சியையும் அவற்றுட் பல விட்டுவிடுகின்றன. அவ்வாறு விட்டாலன்றி இலட்சக்கணக்கான மூலக்கூறுகளை விரைவிற் பார்த்து முடித்தல் இயலாது. ஆகவே இது கருவியின் குற்றமன்று. பெருங்குவியலைச் சிறுகுவியலாக்குவதற்கே அக்கருவி செய்யப்பட்டது. அரிதட்டைக் கொண்டு பொன்னை உரைத்துப் பார்த்தல் எங்ஙனம் ஆகும்?

பொருந்துதல் உண்மையேயாயினும் அது குணமாக்குதல் ஆகாது. விழுங்கப்பட்ட பொருள் குடலினால் உறிஞ்சப்படல் வேண்டும். ஈரலின் கையிலே சிதையாது தப்புதல் வேண்டும். நோயுற்ற கலத்தினுள் போதிய அளவிற் சென்றடைதல் வேண்டும். வேறு பூட்டுகளிலே நுழைந்து கேடு செய்யாதிருத்தல் வேண்டும். ஐதரொக்சிகுளோரோகுயின் என்னும் மருந்து ஆய்வுகூடக் கலங்களிலே வைரசைத் தடுத்ததாக 2020இன் முதல் மாதங்களிற் செய்தி வந்தது. மார்ச்சு 28ஆம் நாள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதற்கு அவசர அனுமதி வழங்கிற்று. யூன் மாதத்திலே பிரித்தானியாவின் பெருஞ்சோதனை, மருத்துவமனை நோயாளரிடையே அதனாற் பயனில்லை எனக் காட்டிற்று. யூன் 15ஆம் நாள் அவ்வனுமதி மீளப்பெறப்பட்டது. கணினியைத் தாண்டிக் கலம்வரை சென்ற மருந்தின் நிலையே இதுவாயின், கணினியோடு நின்றவற்றைப் பற்றி என்ன கூறுவது?

மறுபுறத்தையும் நோக்குதல் முறை. அதே முதன்மை நொதியத்தின் குழிக்கென்றே வடிவமைக்கப்பட்ட நிர்மாட்ரெல்விர் என்னும் மருந்து 2021 டிசம்பரில் அமெரிக்காவிலே அவசர அனுமதி பெற்றது. தடுப்பூசி ஏற்றாத, ஆபத்துக் கூடிய நோயாளர் ஈராயிரவருக்கு மேற்பட்டோரிடையே நடந்த சோதனையில், நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் அதனை உட்கொண்டவர்கள் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலையோ இறப்போ ஏறத்தாழ 89 வீதத்தாற் குறைந்தது. இம்மருந்தும் தனித்துச் செயற்படவில்லை. ஈரல் அதனை விரைந்து சிதைத்துவிடுமாதலின், அச்சிதைவைத் தடுக்க ரிட்டொனாவிர் என்னும் வேறொரு மருந்தையும் உடன்கொடுக்கவேண்டியிருந்தது. குழியிலே பொருந்துதல் கதையின் முதல் அதிகாரம் மட்டுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இதுவரை கூறியவை அறிவாராய்ச்சியின்பாற்பட்டவை. இனி அறத்தின்பாற்பட்டதைக் கூறுவேன். ஆய்வாளர் ‘பொருந்தலாம்’ என்றார். செய்தி எழுதியவர் ‘பொருந்தும்’ என்றார். அதனை அனுப்பியவர் ‘தடுக்கும்’ என்றார். நான் ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்றேன். கேட்டவர் ‘குணமாக்கும்’ என்று கொண்டார். எவரும் பெரும்பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு விகுதியைத் தவறவிட்டனர், அவ்வளவே. ‘பொருந்தலாம்’ என்பது ‘பொருந்தல் ஆம்’ எனப் பிரியும். அங்கு நிற்கும் ‘ஆம்’ இயலும் என்னும் பொருளது. நம் மொழியிலே உடன்பாட்டுக்கும் ‘ஆம்’ என்றே சொல்கின்றோம். முதலாவது ‘ஆம்’ இரண்டாவது ‘ஆம்’ ஆக மாறியதே நிகழ்ந்த தவறு முழுவதும். தமிழில் ஐயத்தைக் கூறச் சொல் இல்லை என எவரும் சாட்டுச் சொல்ல முடியாது. ‘கொல்’ என்னும் ஐயப்பொருட்டாகிய சொல்லைத் தொல்காப்பியர் இடையியலிலே வைத்து விளக்கியுள்ளார். ‘போலும்’ என்பதும் நம்மிடம் உண்டு. சொற்கள் இருந்தன; அவற்றைக் காப்பாற்றும் பொறுப்புணர்ச்சியே இருக்கவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கொள்ளைநோய்க் காலத்திலே முழு உறுதியையும் எதிர்பார்த்திருத்தல் கொடுமையாகாதா? கசப்புக் குடிநீர் ஒன்றினால் என்ன கேடு? நம்பிக்கையும் ஒரு மருந்தன்றோ? இது முதலாவது மறுப்பு. நம்பிக்கை நன்றே. ஆனால் பொய்யான உறுதி, மெய்யான காப்பைக் கைவிடச் செய்யும்பொழுது அது கேடாகின்றது. 2020 டிசம்பரில் கேகாலையிலே ஒருவர் ஆக்கிய பாணியைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றதை இந்நாடு கண்டது. நோயைத் தடுக்கும் எனச் சொல்லப்பட்ட பொருளே நோய் பரவுதற்கேற்ற கூட்டத்தைக் கூட்டியது. அவசரக் காலத்திலே ஐயமான மருந்தைக் கொடுத்தல் சில வேளைகளில் ஏற்புடையதாகலாம். அதனை ஐயமற்றதெனச் சொல்லிக் கொடுத்தல் ஒருபோதும் ஏற்புடையதாகாது.

இரண்டாவது மறுப்பு, பொறுப்பு பலரிடம் பகிரப்படுமிடத்து ஒருவரைக் குற்றஞ்சாட்டலாமோ என்பது. இதற்கு விடையாக என் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. 2021 ஓகஸ்ட் மாதத்திலே நோய் மிகக் கடுமையாகப் பரவிற்று. எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த முதியவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள்கள் அவர் எவ்விடமும் செல்லவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியபின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஏன் இவ்வளவு தாமதித்தீர்கள் என்று கேட்டபொழுது, அவர் மனைவியார் என்னைக் காட்டி, “தம்பிதானே சொன்னவர், நிலவேம்பு காணுமெண்டு கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுதெண்டு” என்றார். ஓராண்டுக்கு முன்னர்ச் சொல்லி மறந்துபோன சொல் அது. இரண்டு கிழமை ஒட்சிசனோடு கிடந்து அவர் பிழைத்து வந்தார். என்னை எவரும் ஏசவில்லை.

அவர் பிழைத்துவிட்டமையால் நான் சொன்னது பிழையில்லையென்று ஆகுமா? ஆங்கிலேயரான வில்லியம் கிளிபர்ட் நம்பிக்கையின் அறம் பற்றி 1877இல் எழுதிய கட்டுரையிலே ஒரு கப்பல் முதலாளியைப் பற்றிக் கூறுகின்றார். பழுதுபட்ட கப்பல் பத்திரமாகப் போய்ச்சேரும் எனத் தன்னைத்தானே நம்பவைத்து அவன் அதனை மக்களோடு கடலுக்கு அனுப்புகின்றான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. கப்பல் கரைசேர்ந்தாலும் அவன் குற்றவாளியே என்பதுதான் கிளிபர்டின் கருத்து. நம்புதற்குரிய சான்று அவனிடம் இருந்ததா என்பதே வினா. முடிவு எவ்வாறாயிற்று என்பதன்று. கப்பலோட்டிய வல்வெட்டித்துறையை அயலிலே கொண்ட நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். என் கப்பல் கரைசேர்ந்தது. ஆயினும் கடலுக்கு விடுமுன் அதன் அடிப்பலகையை நான் தட்டிப் பார்க்கவில்லை. அம்மம்மா தட்டிப் பார்க்கச் சொன்னார், நான் கேட்கவில்லை.

இங்கு சித்த மருத்துவத்தைக் குறைகூறுவதாக எவரும் கொள்ளற்க. யாழ்ப்பாண அரசர் காலத்திலே செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்களைத் தந்த மண் இது. நம் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் ஒரு கல்வித்துறையாகவே பயிற்றப்படுகின்றது. கபசுரக் குடிநீரைச் சிறு தொகையினரான நோயாளரிடையே முறையாகச் சோதிக்கும் முயற்சிகளும் தமிழ்நாட்டிலே நடைபெற்றன. அதுவே நேரிய வழி. பல தலைமுறைகளாகக் கொடுத்துப் பார்த்த அனுபவம் ஒரு மருத்துவத்தின் சொந்தச் செல்வம். அதனை முறைப்படி சோதித்து நிறுவுவதை விட்டு, தனிச் சேர்வை ஒன்றின் கணினி மதிப்பெண்ணை இரவல் நகையாக அணிந்துகொள்வது அம்மருத்துவத்துக்குப் பெருமை தராது. பதினைந்து சரக்குகள் சேர்ந்து கொதித்த குடிநீர் ஒன்று மனித உடலிலே என்ன செய்கின்றது என்னும் வினாவுக்கு, ஒரு மூலக்கூறு ஒரு குழியிலே பொருந்தலாம் என்பது விடையாகாது. அது அக்குடிநீரை நிறுவவுமில்லை, மறுக்கவுமில்லை.

கலைப்பீடத்தார்க்கு இதில் என்ன உறவு என்னும் தொடக்க வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். கணிப்பு ஆய்வாளருடையது, அதனை மக்களிடம் கொண்டுசெல்லும் சொல் மொழி கற்றவர்களுடையது. மானிப்பாயிலே மருத்துவராகப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ஒரு கலைச்சொல் தவறினால் ஒரு நோயாளியின் உடலிலே கத்தி தவறும் என்பதை அறுவைசிகிச்சை கற்பித்தவர் அறியாதிருந்திருக்க முடியாது. பெயர்ச்சொற்களை ஆக்குவதில் அவர் காலத்திலிருந்து நாம் பெரிதும் உழைத்துள்ளோம். நொதியத்துக்கும் மூலக்கூற்றுக்கும் சொல் தேடினோம். வினைமுற்றின் ஈற்றிலே நிற்கும் ஐயத்தைப் பெயர்த்தெழுதுவதிலும் அத்துணைக் கவனம் வேண்டும். ‘அமையக்கூடியது’ என்பதை ‘அமைந்தது’ எனப் பெயர்ப்பவர், கலைச்சொல்லைப் பிழைத்தவரினும் பெரிய பிழை செய்தவராவர்.

இராமச்சந்திரன் தம் பிற்காலத்திலே, 1980களில், தருக்கவியலின்பாற் கவனத்தைத் திருப்பினார். சமணரின் சியாத்வாதக் கோட்பாட்டினால் ஈர்க்கப்பட்டு, உண்மை, பொய் என்பவற்றோடு ஐயம் என்பதற்கும் உரிய இடமளிக்கும் தருக்க முறையொன்றைக் கணித வடிவில் அமைக்க முயன்றார். மூலக்கூறுகளின் ‘ஆம்’, ‘ஆகாது’ என்பவற்றை வரைந்தவர், ஐயத்தைத் தனியொரு நிலையாகப் போற்றியது பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஐயம் அறிவின்மையன்று. எதுவரை அறிந்தோம் என்பதை அறிந்த நிலை அது. அந்நிலையைப் பிறர்க்கு உள்ளவாறு சொல்லுதல் வாய்மையின் ஒரு கூறு.

இனிவரும் காலத்திலே கணினி இன்னும் வலிதாகப் பேசும். புரதங்களின் வடிவத்தைக் கணினியாற் கணித்தமைக்காக 2024இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. படங்கள் மேலும் அழகாகும். மதிப்பெண்கள் மேலும் நுண்ணிதாகும். அவற்றை வரவேற்போம். வரவேற்கும்பொழுதே, வெற்றிலைத் தட்டத்திலிருந்து தலைநிமிராத ஒரு மூதாட்டி கேட்ட வினாவையும் உடன்கேட்போம். அதற்கு விடை கிடைக்கும்வரை ‘பொருந்தலாம்’ என்பதைப் ‘பொருந்தலாம்’ என்றே சொல்லுவோம். இதனை எழுதுமுன் அந்த முதியவரின் வீட்டுக்குச் சென்று, அன்று நான் வாசித்த செய்தியிலே உண்மையில் என்ன இருந்தது என்பதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அவை சரியாத்தான் சொல்லியிருக்கினம்” என்றார். ஆம், அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.